டிசம்பரில் பிறந்த பெண்ணுக்கு ஆறு கல்: எது பழையது?

ஜூன் 2, காலை 9:10 (கேள்வி)

என் மகள் டிசம்பர் 8, விடியற்காலை நாலு மணிக்குப் பிறந்தவள். கடக ராசி, துலா லக்னம். இந்த வருஷம் பன்னிரண்டு முடிகிறது, ஒரு கல் மோதிரம் செய்து போடு என்று என் மாமியார் சொல்கிறார். எங்கள் ஜோசியர் ராசிப்படி முத்து என்றார். இன்னொருவர் ராசிக்கு இல்லை, லக்னத்துக்குத்தான் கல், அதனால் வைரம் என்றார். எண் கணிதம் பார்ப்பவர் எட்டாம் தேதி என்றால் நீலம், ஆனால் அதைச் சோதிக்காமல் போடக்கூடாது என்று பயமுறுத்திவிட்டார். பள்ளித் தோழி கொடுத்த வாழ்த்து அட்டையில் டிசம்பருக்கு டர்க்காய்ஸ் என்று போட்டு, கீழே சின்ன எழுத்தில் டான்சனைட், ஜிர்கான் என்றும் இருக்கிறது. ஒரே பெண்ணுக்கு ஆறு கல். இதில் எது பழைய வழக்கம், எது சரி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு 10:40

சகோதரி, அட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதன் பிறந்த தேதி எல்லாருக்கும் தெரியும். 1912 ஆகஸ்ட்டில் அமெரிக்கச் சில்லறை நகை வியாபாரிகளின் தேசிய சங்கம் கன்சாஸ் சிட்டியில் கூடி, மாதத்துக்கு இன்ன கல் என்று ஒரு பட்டியலை முடிவு செய்தது. ஜனவரிக்கு கார்நெட், பிப்ரவரிக்கு செவ்வந்திக்கல், ஏப்ரலுக்கு வைரம், மே மாதத்துக்கு மரகதம், ஜூலைக்கு மாணிக்கம், செப்டம்பருக்கு நீலம் என்று. அன்று டிசம்பருக்குச் சொன்னது டர்க்காய்ஸும் லாபிஸ் லாசுலியும். 1952இல் நகைத் தொழிலின் இன்னொரு அமைப்பு லாபிஸை எடுத்துவிட்டு ஜிர்கானை வைத்தது. 2002இல் டான்சனைட் சேர்ந்தது. 2016இல் ஆகஸ்டுக்கு ஸ்பைனல் என்று இன்னொன்று. ஆக உங்கள் அட்டை நூறு வருஷத்தில் மூன்று முறை திருத்தப்பட்ட ஒரு கடைப் பட்டியல். கடைக்காரர்கள் போட்டது என்பதாலேயே அது பொய் என்று நான் சொல்லவில்லை, ஆனால் முன்னோர் வழக்கம் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

ஜூன் 3, காலை 6:30

டான்சனைட் பற்றி மட்டும் இன்னும் ஒரு வரி. தான்சானியாவில் மெரெலானி மலைப்பக்கம் அது வெளியே வந்தது 1967இல். அடுத்த வருஷம் டிஃபனி என்ற அமெரிக்க நகைக் கம்பெனி அதற்கு அந்த நாட்டின் பெயரை வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. என் சின்ன அத்தை டிசம்பரில் பிறந்தவர், 1961. அவர் பிறந்தபோது அவருடைய 'பிறந்த மாதக் கல்' இருக்கிறது என்று நகை உலகத்துக்கே தெரியாது. ஜூனுக்கு வைத்திருக்கும் அலெக்ஸாண்ட்ரைட்டும் இப்படித்தான், 1830களில் ரஷ்யாவின் யூரல் மலையில் கிடைத்தது, பட்டியலில் ஏறியது 1952இல். பகலில் பச்சை, விளக்கு வெளிச்சத்தில் சிவப்பு. அருமையான கல். அதற்குப் பழங்கதை வேண்டியதில்லை.

ஜூன் 3, மதியம் 2:15

நேற்று எழுதியதில் ஒரு குறை. 1912க்கு முன்னால் ஒன்றுமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது, அது சரியில்லை. கல் சாத்திரத்தில் பெரிய ஆளான ஜார்ஜ் ஃபிரெடெரிக் குன்ஸ், டிஃபனியில் கல் நிபுணராக இருந்தவர், பிறந்த மாதத்துக்கென்று ஒரு கல்லைப் போடுகிற வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் போலந்தில் கிளம்பியது என்று 1913இல் எழுதினார். அங்கே வந்து குடியேறிய யூதக் கல் வியாபாரிகளோடு அதைச் சேர்த்துப் பார்க்கிறார். டிஃபனி 1870இலேயே மாதத்துக்கு ஒரு கல் என்று பாட்டுப் போட்ட சிறு புத்தகம் அச்சடித்தது. ஆக 1912 சங்கம் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை, ஊருக்கு ஊர் வேறாக இருந்ததை ஒரே பட்டியலாக்கி எல்லாக் கடைக்கும் பொதுவாக்கியது.

அதற்கும் பின்னால் போனால் வேதாகமம் வருகிறது. யாத்திராகமத்தில் தலைமைக் குருவான ஆரோனின் மார்ப்பதக்கத்தில் நான்கு வரிசையாகப் பன்னிரண்டு கல், ஒவ்வொன்றிலும் ஒரு இஸ்ரவேல் கோத்திரத்தின் பெயர் வெட்டியிருக்கும். கி.பி. முதல் நூற்றாண்டில் ஜோசிஃபஸ் என்ற வரலாற்றாசிரியர் அந்தப் பன்னிரண்டைப் பன்னிரண்டு மாதமாகவோ ராசி மண்டலத்தின் பன்னிரண்டு பாகமாகவோ கொள்ளலாம் என்று எழுதினார். கல்லும் மாதமும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது. ஆனாலும் மாதம் மாறக் கல்லும் மாற்றிப் போடுவதா, ஆயுள் முழுக்க ஒரே கல்லா என்பதெல்லாம் பிற்பாடு வந்த பேச்சு. ஒரு காலத்தில் வசதியுள்ளவர்கள் பன்னிரண்டையும் வாங்கி வைத்து மாதத்துக்கு ஒன்றாக அணிந்தார்களாம்.

ஜூன் 3, இரவு 11:50

தூக்கம் வராமல் தமிழ் வேதாகமத்தை எடுத்து அந்த இடத்தைப் படித்தேன். நீங்களும் படித்துப் பாருங்கள். முதல் வரிசை பத்மராகம், புஷ்பராகம், மாணிக்கம். இரண்டாவது மரகதம், இந்திரநீலம், வச்சிரம். மூன்றாவது கெம்பு, வைடூரியம், சுகந்தி. நான்காவது படிகப்பச்சை, கோமேதகம், யஸ்பி.

நம் ஊர் நகைக்கடையில் போய் பத்மராகம், மாணிக்கம், கெம்பு மூன்றும் தனித்தனியாக வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார், மூன்றும் அவருக்குச் சிவப்புக்கல்தான். ஆனால் எபிரேயத்தில் அவை மூன்று வேறு கல். மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லவே முடியாது. அந்தப் பழைய பெயர் எந்தக் கல்லைக் குறித்தது என்று இன்றைக்கும் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. அவர்கள் கைக்குக் கிடைத்த நவரத்தினப் பெயர்களை எடுத்து இடத்தை நிரப்பினார்கள், தெரியாததை யஸ்பி என்று அப்படியே விட்டார்கள். வச்சிரம் என்றால் வைரம். வைரத்தின் மேல் பெயர் வெட்டுகிற வித்தை அந்தக் காலத்தில் ஏது?

கிரேக்கத்திலும் இதே கதைதான். அவர்கள் சாப்ஃபைரோஸ் என்று சொன்னது நம் நீலக்கல் இல்லை, பொன்துகள் தூவினது போலிருக்கும் லாபிஸ் லாசுலி. டோபாஸ் என்று சொன்னது பெரும்பாலும் செங்கடலில் ஒரு தீவில் கிடைத்த பெரிடாட், இளம்பச்சைக் கல். பெயர் ஒரு கல்லை விட்டு இன்னொரு கல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பட்டியல் பழையதாக இருந்தாலும் அதில் உள்ள கல் பழைய கல் இல்லை. சகோதரி கேட்ட 'எது பழையது' என்ற கேள்விக்கு நேரான பதில் சொல்ல முடியாமல் நான் சுற்றிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஜூன் 5, இரவு 9:00

இப்போது நம் பக்கம். சூரியனுக்கு மாணிக்கம், சந்திரனுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம், குருவுக்குப் புஷ்பராகம், சுக்கிரனுக்கு வைரம், சனிக்கு நீலம், ராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம். இது எல்லாருக்கும் மனப்பாடம். மாதக் கணக்கே இதில் கிடையாது என்பதைக் கவனியுங்கள், இது கிரகத்துக்குக் கல். அதை ஒரு ஆளுக்கு எப்படிப் பொருத்துவது என்பதில்தான் ராசி, லக்னம், நடக்கிற தசை, பிறந்த எண் என்று ஆளுக்கு ஒரு வழி போகிறார்கள். உங்கள் ஜோசியர்கள் மூவரும் ஒரே ஒன்பதைத்தான் வைத்திருக்கிறார்கள், நுழைகிற வாசல் வேறு.

6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் வைரம், முத்து, மாணிக்கம், மரகதம் நான்குக்கும் தனித்தனிப் பகுதி வைத்தார். நல்ல கல் அரசனுக்கு நன்மை, குற்றமுள்ள கல் கேடு என்கிறார். அதாவது கவலை முழுக்கக் கல் நல்லதா கெட்டதா என்பதில்.

தமிழில் சிலப்பதிகாரம் ஊர்காண் காதையில் மதுரை ரத்தினக் கடைத்தெரு வருகிறது. ஒன்பது கல்லும் வரிசையாக உண்டு. வைரத்துக்குக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று நான்கு குற்றம் சொல்லி, அவை நீங்கியது நல்லது என்கிறது. பவளம் துளை இல்லாமல், வளைந்து முடங்காமல், முறுக்கு இல்லாமல் இருக்கவேண்டும். ஒரு கிரகத்தின் பெயர்கூட அங்கே இல்லை. தரம் பார்த்து வாங்கு, அவ்வளவுதான்.

ஜூன் 6, காலை 5:45

நேற்று எழுதிய கடைசி வரிகளில் ஒன்று தப்பு. கிரகத்தின் பெயர்கூட இல்லை என்றேன். இருக்கிறது, ஞாபகத்தில் எழுதியதால் வந்த பிழை. முத்து பற்றிச் சொல்லும் இடத்தில் 'சந்திர குருவே அங்காரகன்' என்று மூன்று கிரகம் வருகிறது. ஆனால் எதற்கு வருகிறது என்று பாருங்கள். முத்தின் ஒளிக்கு. சந்திரன் மாதிரி வெண்மை, வியாழன் மாதிரி பொன்னிறச் சாயல், செவ்வாய் மாதிரி செம்மை. ராத்திரி மொட்டை மாடியில் படுத்து வானத்தைப் பார்த்தவர்கள் கல்லின் நிறம் சொல்ல கிரகத்தைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். இன்ன கிரகத்துக்காக இதை அணி என்ற பேச்சு இல்லை.

இது எனக்குப் புதிதாகப் பட்டது, அதனால் தப்பு செய்தது நல்லதாகப் போயிற்று. கிரகத்துக்கும் கல்லுக்கும் உள்ள உறவு நிறத்திலிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே. சிவந்த செவ்வாய்க்குச் சிவந்த பவளம், வெள்ளை நிலவுக்கு வெள்ளை முத்து, கரிய சனிக்குக் கருநீலம். கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்த பட்டியலைத் திரும்பக் கண்ணைத் திறந்து பார்த்தால் இப்படித் தெரிகிறது.

ஜூன் 6, மாலை 4:20

மேலே ஒருவர் கேட்டிருக்கிறார்: ஜூலைக்கு மாணிக்கம், சிம்மத்துக்கு அதிபதி சூரியன், சூரியனுக்கு மாணிக்கம், ஆகவே இரண்டு பட்டியலும் ஒன்றுதானே? பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் நம் கணக்கில் சூரியன் சிம்மத்தில் இருப்பது ஆவணி, ஆகஸ்ட் நடுவில் தொடங்கி செப்டம்பர் நடுவரை. ஜூலையில் இல்லை. மேலும் நம்மவர்கள் ராசி என்று சொல்வது சந்திரன் நின்ற ராசியை. இரண்டிலும் பொதுவாக இருப்பவை முத்து, மாணிக்கம், மரகதம், வைரம், நீலம். இந்த ஐந்தும் எந்த ஊரில் கல் பட்டியல் போட்டாலும் வந்துவிடும். பவளமும் வைடூரியமும் மாதப் பட்டியலில் இல்லவே இல்லை.

கோமேதகம் மட்டும் வேடிக்கையாகப் பொருந்துகிறது. அது கார்நெட் குடும்பத்துக் கல், ஜனவரிக் கல்லும் கார்நெட். ராகுவுக்காகக் கோமேதகம் போட்டவரும் ஜனவரியில் பிறந்தேன் என்று கார்நெட் போட்டவரும் உறவுக்காரர்கள். நல்ல கோமேதகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்ளே வெல்லப்பாகைக் கரண்டியால் கலக்கிவிட்டு நிறுத்தியது போல ஒரு சுழிப்பு தெரியும். அதைப் பார்த்துத்தான் கோமேதகம் என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.

ஜூன் 7, இரவு 10:10

வைடூரியம் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனசு ஆறாது. இன்றைக்குக் கடையில் வைடூரியம் என்றால் பூனைக்கண் கல், தேன் நிறத்தில் நடுவே வெள்ளிக்கோடு ஓடும். ஆனால் பழைய வடமொழி, பிராகிருத நூல்களில் அந்தப் பெயர் பெரும்பாலும் பெரில் என்ற பச்சை கலந்த நீலக்கல்லைக் குறித்தது. பிராகிருதத்தில் வேருளிய. அதுதான் கிரேக்கத்தில் பெரிலோஸ் ஆகி, லத்தீனுக்குப் போய், ஜெர்மானியர்கள் மூக்குக்கண்ணாடிக்கு வைத்திருக்கும் 'பிரில்லே' என்ற சொல் வரை வந்து நிற்கிறது. தெளிவான பெரிலைத் தேய்த்து முதலில் கண்ணாடி செய்ததால் அந்தப் பெயர்.

அந்தப் பெரில் எங்கிருந்து போனது? காங்கேயம் பக்கம் படியூர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நொய்யல் கரையில் கொடுமணல். 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்ட ஆரம்பித்தபோது கல்மணிகள் எல்லா நிலையிலும் கிடைத்தன. வெட்டாத கல், பாதி உருட்டிய மணி, துளை போடும்போது உடைந்தது, முழுசாக முடிந்தது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பெயர் சொல்லிப் பாடுகிற ஊர் அது. ரோமாபுரியில் பிளினி என்ற எழுத்தாளர், பெரில் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகிறது, கடல் பச்சை நிறத்தில் இருப்பதே உயர்ந்தது என்று எழுதிவிட்டு, இந்தியர்கள் படிகத்துக்குச் சாயமேற்றிப் போலிப் பெரில் செய்யவும் தெரிந்தவர்கள் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார்.

அந்தக் கடல் பச்சைக் கல்லைத்தான் இப்போது அக்வாமரீன் என்கிறோம், மாதப் பட்டியலில் மார்ச். 1912இல் மார்ச்சுக்கு முதல் இடம் பிளட்ஸ்டோன், பச்சையில் ரத்தத்துளி தெறித்தது போலிருக்கும் கல், சிலுவையில் வழிந்த ரத்தம் என்று ஐரோப்பாவில் கதை. 1952இல் இடம் மாற்றி அக்வாமரீனை முன்னால் வைத்தார்கள். காங்கேயம் பக்கத்து நண்பர் ஒருவரின் அப்பா மழைக்குப் பின் காட்டில் பொறுக்கிய கல்லைப் பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். விரல் நகம் அளவு, ஆறு பட்டை, ஓரம் உடைந்தது, உள்ளே கிணற்றுத் தண்ணீர் நிறம். அவர் மார்ச்சில் பிறந்தவரா என்று கேட்கத் தோன்றவில்லை.

ஜூன் 9, மதியம் 1:30

நீலம் பற்றி. எண் கணிதக்காரர் சொன்ன 'சோதனை', மூன்று ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்து, கெட்ட கனவு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவது. என் மாமா ஒருவர் செய்து பார்த்தார். கெட்ட கனவு வந்தது. வராமல் இருக்குமா? கெட்ட கனவு வருகிறதா என்று பார்க்கவே மூன்று ராத்திரி விழித்து விழித்துப் படுத்தவர் அவர்.

மேற்கே இதே பயம் ஓப்பலுக்கு இருந்தது. 1829இல் வால்டர் ஸ்காட் எழுதிய ஒரு நாவலில் ஓப்பல் அணிந்த பெண்ணுக்கு வரும் கேடு படிப்பவர் மனதில் தங்கிவிட்டது, அதற்கப்புறம் ஓப்பல் வாங்கவே ஆளில்லாமல் விலை சரிந்ததாகச் சொல்வார்கள். விக்டோரியா மகாராணி ஓப்பலை விரும்பி அணிந்தும், மகள்களுக்குப் பரிசாகக் கொடுத்தும்தான் பயம் கொஞ்சம் தெளிந்தது. ஓப்பலுக்குள் தண்ணீர் இருக்கிறது, சூடு பட்டால் விரிசல் விடும். கல் பதிக்கிறவர் கையில் அது உடைந்தால் நஷ்டம் அவருக்கு. பயம் அங்கேயும் வளர்ந்திருக்கும்.

டர்க்காய்ஸ் நிறம் மாறினால் போட்டவருக்கு நோய் வரப்போகிறது என்பதும் இப்படித்தான். அது நுண்துளை நிறைந்த கல், வியர்வையும் எண்ணெயும் உறிஞ்சிப் பச்சையாகிவிடும். காய்ச்சலில் வியர்ப்பவன் கையில் கல்லும் மாறத்தான் செய்யும். பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை, எது முன்னால் எது பின்னால் என்பதில்தான் குழம்பினார்கள்.

ஜூன் 11, இரவு 11:15

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு மோதிரம் உண்டு. பாட்டியின் அப்பா ரங்கூனில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், 1930களில் அங்கே வாங்கியது. பர்மா கெம்பு என்று சொல்லித்தான் பாட்டி கையிலிருந்து கழற்றிக் காட்டுவார். 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஆயிரக்கணக்கான பேரோடு அவரும் காட்டு வழியாக நடந்து வந்தார். மோதிரத்தை வேட்டி ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டாராம். கூட வந்த தம்பி வழியில் காய்ச்சலில் போய்விட்டார். ஊருக்கு வந்து சேர்ந்தபின் கடிகாரம், பித்தளைப் பாத்திரம், எல்லாம் விற்றுச் சாப்பிட்டிருக்கிறார்கள், மோதிரத்தை விற்கவில்லை. சிம்ம ராசிக்காரர், மாணிக்கம் தன்னைக் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்த்தது என்று கடைசிவரை சொன்னாராம்.

நான்கு வருஷம் முன்னால் கல் ஆட ஆரம்பித்தது. ஆசாரியிடம் கொடுத்தேன். பழைய வேலை, அடி மூடிய மோதிரம், கல்லுக்குக் கீழே நிறம் தூக்கிக் காட்ட ஒரு தாள். கல்லைக் கழற்றி வெள்ளைக் காகிதத்தில் வைத்து, லென்ஸை என் கையில் கொடுத்து, நீங்களே பாருங்கள் என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் கல்லைத் திருப்பினால் உள்ளே மெல்லிய கோடுகள், இசைத்தட்டில் இருக்குமே, அது போல வளைந்து வளைந்து. ஓரத்தில் இரண்டு சின்னக் காற்றுக்குமிழ். பூமியில் விளைந்த மாணிக்கத்தில் கோடு இருந்தால் நேராக, கோணமாக இருக்கும். வளைந்த கோடு, குமிழ் இரண்டும் சேர்ந்தால் சுடரில் உருக்கி வளர்த்த கல். வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902இல் வெளியிட்ட முறை. அலுமினா தூளைச் சுடருக்குள் கொட்டி, சொட்டுச் சொட்டாக ஒரு பேரிக்காய் வடிவத்தில் கல்லை வளர்ப்பது. பொருள் மாணிக்கத்தின் பொருளேதான், கடினமும் அதேதான், விலை மட்டும் பிடி அரிசி. அவருக்கு விற்றவன் தெரிந்து விற்றானா தெரியாமல் விற்றானா, யாரிடம் கேட்பது?

பாட்டி அப்போது இருந்தார். அவரிடம் சொல்லவில்லை. இப்போது இல்லை, அதனால் எழுதுகிறேன். கல்லைப் பார்த்த அன்றைக்கு எனக்கு முதலில் வந்தது கோபம். அப்புறம் அந்தக் கல்லுக்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்பதை ரூபாயில் கணக்குப் போட முடியாது என்று தோன்றியது. இன்னும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஜூன் 12, காலை 7:05

ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் நன்றி. 'அப்படியானால் பெரிய ராஜாக்கள் கல் மட்டும் அசலா' என்று கேட்டவருக்கு: இங்கிலாந்து மகுடத்தில் முன்பக்கம் இருக்கும் 'கருப்பு இளவரசனின் மாணிக்கம்' என்ற கல் மாணிக்கமே இல்லை, அதைப் போலச் சிவந்த ஸ்பைனல் என்ற வேறு கல். அந்த ஸ்பைனலைத்தான் 2016இல் ஆகஸ்ட்டுக்கு வைத்தார்கள். புஷ்பராகம் என்று அகராதியில் டோபாஸ் என்று போட்டிருக்கும், கடையில் கனக புஷ்பராகம் என்று கொடுப்பது மஞ்சள் சஃபையர்.

ஜூன் 14, இரவு 8:30

சகோதரி மறுபடி எழுதியிருக்கிறார்: கடையில் ஜிர்கான் கேட்டாராம், எண்பது ரூபாய்க்கு வெள்ளைக்கல் ஒன்றை எடுத்துக் காட்டினார்களாம், டிசம்பர் கல் இவ்வளவு மலிவா என்று சந்தேகம்.

அது ஜிர்கான் இல்லை. பெயர்க் குழப்பம், இதில் கோபப்பட ஒன்றுமில்லை, விற்கிறவர்களே இரண்டையும் கலந்துதான் சொல்கிறார்கள். அவர்கள் காட்டியது கியூபிக் ஜிர்கோனியா, ஆய்வுக்கூடத்தில் செய்வது, நம் ஊரில் அமெரிக்கன் டயமண்ட் என்போம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டுச் சோறு அது. திருச்சியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பட்டை தீட்டுவார்கள். அம்மா குச்சி முனையில் அரக்கை இளக்கிக் கல்லை ஒட்டி, சாணையில் வைத்து, காதால் கேட்டே எந்தப் பட்டை சரியாக விழுந்தது என்று சொல்வார். சத்தம் மாறினால் கையை எடுத்துவிடுவார். அரிசி அளவுக் கல்லில் ஐம்பதுக்கும் மேல் பட்டை. சாயங்காலம் அவர் விரல் நுனி சுருங்கி வெளுத்திருக்கும்.

ஜிர்கான் வேறு. அது பூமியில் விளைவது, அதுவும் எப்படிப்பட்ட கிழம்! ஆஸ்திரேலியாவில் ஜாக் ஹில்ஸ் என்ற இடத்தில் கிடைத்த ஜிர்கான் மணல்துகள்களில் ஒன்றின் வயது சுமார் 440 கோடி வருஷம். பூமியிலேயே விளைந்து இதுவரை வயது கண்டுபிடித்த பொருள்களில் அதுவே மூத்தது. இலங்கையில் நிறமில்லாத ஜிர்கானை மாத்தறை வைரம் என்றே விற்றார்கள். வாங்கும்போது லென்ஸை வைத்து மேலிருந்து, கொஞ்சம் சாய்வாக, அடிப்பக்கத்துப் பட்டைக் கோடுகளைப் பாருங்கள். ஜிர்கானில் ஒவ்வொரு கோடும் இரண்டாகத் தெரியும், தூக்கக் கண்ணோடு பார்த்த மாதிரி. கியூபிக் ஜிர்கோனியாவில் ஒரே கோடு. இதற்குப் பரிசோதனைக்கூடம் தேவையில்லை. ஓரம் சீக்கிரம் தேயும் கல், அதனால் சின்னப் பெண்ணுக்கு மோதிரத்தை விடக் கழுத்துக்கோ காதுக்கோ நல்லது.

என் அபிப்பிராயம் கேட்டதால் சொல்கிறேன். அட்டைக்காகவும் வேண்டாம், பயத்துக்காகவும் வேண்டாம். மாமியார் முத்து ஆசைப்பட்டால் முத்து போடுங்கள், நம் கடலில் மன்னார் வளைகுடாவில் சங்க காலம் தொட்டு மூழ்கி எடுத்த பொருள் அது, அதைவிடப் பழையது எதைத் தேடுவது? இப்போது கிடைப்பது வளர்ப்பு முத்துதான், அதையும் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுங்கள். லென்ஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தால் இன்னும் சந்தோஷம், நல்லதாக ஐந்நூறு அறுநூறுக்குக் கிடைக்கும்.

ஜூன் 22, காலை 10:00

பதினொன்றாம் தேதி எழுதியதன் தொடர்ச்சி. அந்த மோதிரம் நான்கு வருஷமாகக் கல் ஒரு காகிதப் பொட்டலம், தங்கம் ஒரு பொட்டலம் என்று பீரோவில் கிடந்தது. இங்கே எழுதியபின் எடுத்துக்கொண்டு அதே ஆசாரியிடம் போனேன். அசல் மாணிக்கம் ஒன்று பார்த்து மாற்றிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், இதையே பதியுங்கள் என்றேன். பழைய தாள் கறுத்துவிட்டது, புதுத் தாள் வெட்டி வைத்தார். மோதிரத்தின் உள்பக்கம் தேய்ந்துபோன இரண்டு எழுத்து இருக்கிறது, பாட்டி அப்பாவின் பெயர் எழுத்து. அளவைக் குறைக்க வெட்டினால் அது போய்விடும் என்றார், அதனால் அளவில் கை வைக்கவில்லை.

அக்கா மகள் கேட்டாள், கொடுத்துவிட்டோம். அவள் பிறந்தது பிப்ரவரி, கன்னி ராசி. செயற்கைக் கல் என்று சொல்லி, லென்ஸில் அந்த வளைந்த கோட்டைக் காட்டித்தான் கொடுத்தேன். தாத்தா கொண்டுவந்தது இதுவேதானா என்று மட்டும் கேட்டாள். அவள் விரலுக்குப் பெரிது, அதனால் அடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது.